அரசு வழக்கறிஞரின் கறுப்பு அங்கி நமக்கு ஆகாதா?



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் சென்ற மாதம் இஷா தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து நின்றான். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவன். "ஹஜ்ரத், சட்டம் படிக்கணும்னு ஆசை. அத்தா வேணாங்குறாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க" என்றான். திருத்தணியைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பேருந்திலேயே போய் வரலாம் என்பது அவன் போட்டு வைத்திருந்த கணக்கு.

மறுநாள் அவனுடைய தந்தையிடம் பேசினோம். அவர் நம்மையே மடக்கினார். "வக்கீல் வேலையே பொய் சொல்ற வேலை ஹஜ்ரத். அதுலயும் இவன் அரசாங்க வக்கீல் ஆகணுங்கிறான். நம்ம புள்ளைங்களை உள்ள வைக்க இவனே நின்னு வாதாடணுமா? மூணு காஜியில ரெண்டு பேரு நரகத்துக்குன்னு நீங்கதானே பயான்ல சொன்னீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "தடுக்காதீங்க பாய். நம்ம ஆளு ஒருத்தன் மேல போயி உட்கார்ந்தா நமக்குத்தானே பெருமை?" என்றார்.

இவ்விரண்டு பேச்சுகளும் நம் சமுதாயத்தில் எல்லா ஊர்களிலும் கேட்பவையே. ஒன்று, அரசின் பக்கம் போவதே பாவம் என்கிறது. மற்றொன்று, போய்ச் சேர்ந்தாலே புண்ணியம் என்கிறது. இரண்டுமே தவறு என்பதும், இரண்டும் சேர்ந்தே நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பதும் நம் உறுதியான கருத்து. ஆட்சியாளருக்குச் சட்டம் சொல்லும் இடத்தில் ஒருவர் அமரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சிறையில் கிடக்கும் மனிதனைப் பற்றி அவர் என்ன எழுதினார்?

நாகூர் தந்த நீதிமான்

இந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார். நீதிபதி மு.மு. இஸ்மாயீல் 1921இல் நாகூரில் பிறந்தவர். சென்னையில் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பின்னர் மாநில அரசின் வழக்கறிஞராக உயர் நீதிமன்றத்தில் நின்றவர். 1967இல் நீதிபதியானார். நீதிபதியாக இருந்துகொண்டே, குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் அரசமைப்புச் சட்டம் வகுத்துள்ள இடம் என்ன என்பதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அது 1972இல் வெளிவந்தது. ஆசிரியர், அரசு வழக்கறிஞர், நீதிபதி என்ற மூன்று படிகளிலும் ஏறிய தமிழ் முஸ்லிம் அவர்.

கம்பராமாயணத்தில் தோய்ந்தவர், கம்பன் கழக மேடைகளில் முழங்கியவர் என்பதற்காக அவரை அந்நியர்போல் ஒதுக்கிப் பேசுவோர் நம்மில் உண்டு. அந்த விவாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. அவர் அங்கியணிந்து செய்த காரியங்களைப் பற்றியே பேசுகிறோம்.

1975 ஜூனில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் மிசா சட்டத்தில் சிறையில் அடைக்கப்பட்டனர். அப்போது தடை செய்யப்பட்ட அமைப்புகளில் ஜமாஅத்தே இஸ்லாமியும் ஒன்று. 1976 ஜனவரி 31இல் தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்து வந்த நாட்களில் சென்னை மத்தியச் சிறைக்குள் அரசியல் கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். மு.க. ஸ்டாலினும் அப்போது அங்கே அடைக்கப்பட்டிருந்தார். தாக்குதலில் காயமுற்ற சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார்.

நெருக்கடி நிலை முடிந்தபின் 1977இல் இந்தக் கொடுமைகளை விசாரிக்கும் பொறுப்பு நீதிபதி இஸ்மாயீலிடம் ஒப்படைக்கப்பட்டது. சற்றே எண்ணிப் பாருங்கள். அரசுக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் அவர். அதிகாரிகளின் பேச்சும் கோப்புகளின் மொழியும் அவருக்குப் பழக்கமானவை. சிறைக்குள் எதுவும் நடக்கவில்லை என்று பூசி மெழுக வேண்டுமானால் அதற்கான சொற்களும் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் கைதிகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டது உண்மை என்றே அவருடைய ஆணையம் பதிவு செய்தது. அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் அவருடைய மார்க்கத்தார் அல்லர். பூட்டிய கதவுக்குப் பின்னால் அரசு செய்ததை அரசு ஆவணத்திலேயே எழுதி வைத்தார்.

1979இல் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1980 அக்டோபரில் ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரி பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, புதியவர் வரும்வரை சில நாட்கள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். ஆளுநரின் அதிகாரம் எதுவரை என்று நூல் எழுதியவரே ஆளுநரின் நாற்காலியில் அமர நேர்ந்தது. மூன்று மாதங்களுக்குள், 1981 ஜனவரியில், அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்றும் ஆணை வந்தது. பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங் சென்னைக்கு மாற்றப்பட்டார். மத்திய அரசு தனக்கு உவப்பில்லாத நீதிபதிகளை இடமாற்றத்தால் பணிய வைக்கிறது என்று நாடெங்கும் வழக்கறிஞர்கள் கொதித்த காலம் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது; ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1981 டிசம்பர் 30இல் அளித்த தீர்ப்பில், பெரும்பான்மையோர் பாட்னா தலைமை நீதிபதியின் மாற்றம் செல்லும் என்றனர்.

அந்தத் தீர்ப்பு வருமுன்பே நீதிபதி இஸ்மாயீல் பதவியைத் துறந்துவிட்டார். கேரளத்தில் போய்த் தலைமை நீதிபதியாக அமர்ந்திருந்தால் அதே ஊதியம், அதே மரியாதை கிடைத்திருக்கும். ஓய்வு வயதுக்கு இன்னும் காலம் இருந்தது. ஆயினும் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். நம் சமுதாயத்தில் ஒருவருக்குப் பதவி கிடைத்த நாளைச் சால்வை போர்த்திக் கொண்டாடுகிறோம். ஒருவர் பதவியை விட்ட நாளை நாம் கொண்டாடியதுண்டா? நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்?

தந்தையின் அச்சத்துக்கு விடை

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். மூன்று வகை நீதிபதிகளில் இருவர் நரகத்துக்குரியவர் என்ற நபிமொழியை நாம் பயானில் சொன்னது உண்மைதான். அதை முழுமையாக விளக்காமல் விட்டது நம் குறை, ஒப்புக்கொள்கிறோம். உண்மையை அறிந்தும் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தவர் ஒருவர். அறியாமையில் தீர்ப்பளித்தவர் மற்றொருவர். இவ்விருவரே நரகத்துக்குரியவர்கள். உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளித்தவருக்குச் சுவனம் உண்டு. அந்த நபிமொழி நீதிமன்றத்தின் கதவை நமக்கு அடைக்கவில்லை. அறிவோடும் அச்சத்தோடும் உள்ளே போ என்கிறது. அறிவுள்ளவனும் இறையச்சமுள்ளவனும் விலகி நின்றால் உள்ளே எஞ்சுவது அந்த இருவர்தானே?

அரசின் பணியே தீனுக்கு ஆகாது என்போர் நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். இறைநம்பிக்கையற்ற சமூகத்தின் மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றவர் அந்த நபி. அதற்குமுன் அவர் யார்? செய்யாத குற்றத்துக்காகப் பல்லாண்டு சிறையில் இருந்தவர். மன்னரின் தூதர் விடுதலைச் செய்தியோடு வந்தபோதும், தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கச் சொல்லித் தூதரைத் திருப்பி அனுப்பியவர். சிறையின் இருளை அறிந்தவரே அரசின் பொறுப்பில் அமர்ந்தார்; பஞ்ச காலத்தில் மக்களின் பசி தீர்த்தார்.

வழக்கறிஞர் பணிக்கு மார்க்கம் வகுத்த எல்லை அந்நிஸா அத்தியாயத்தில் இருக்கிறது. வஞ்சகர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிடுகிறான். அந்த வசனங்கள் இறங்கிய பின்னணியை விரிவுரை நூல்கள் கூறுகின்றன. மதீனாவில் ஒரு கவசம் களவு போனது. திருடியவன் முஸ்லிம்களோடு சேர்ந்திருந்தவன். பழியோ ஒரு யூதர்மீது போடப்பட்டது. திருடியவனின் குலத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் ஆளுக்காகப் பரிந்து பேசினர். வேதவசனம் இறங்கி அந்த யூதரைக் குற்றமற்றவர் எனக் காட்டியது. 'நம்ம ஆள்' என்பதற்காக ஒருவரைத் தாங்குவதை அந்த வசனங்கள் வேரோடு வெட்டின.

தம்மிடம் வழக்குக் கொண்டுவருவோரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருக்கலாம் என்றும், அதைக் கேட்டுத் தாம் பிறர் உரிமையை அவருக்கு அளித்துவிட்டால் அவர் பெற்றுச் செல்வது நெருப்பின் துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வாய்த்திறமையால் பிழைக்கும் தொழிலுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேண்டுமா? இந்த எல்லைக்கு நெருக்கமான ஒன்றை நாட்டின் விதியும் சொல்கிறது. குற்றம் சாட்டும் தரப்பில் நிற்கும் வழக்கறிஞர் நிரபராதி தண்டனை பெறும்படி வழக்கை நடத்தக் கூடாது, அவர் குற்றமற்றவர் எனக் காட்டும் ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதி. நம் பிள்ளை அந்த இடத்தில் நின்றால் நிரபராதியைக் காக்கும் கடமை அவன் தோளில் ஏறுகிறது. யார் வீட்டுப் பிள்ளை கூண்டில் நின்றாலும் அந்தக் கடமை அவனுக்கு உண்டு.

பெருமை பேசுவோருக்கு ஒரு பாடம்

இனி, மேலே போனாலே பெருமை என்ற பெரியவருக்கு. படிப்பும் பதவியும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் நீதி தானாக வந்துவிடாது. அமெரிக்காவில் ஜான் யூ என்றொரு பேராசிரியர். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அரசமைப்புச் சட்டம் கற்பித்தவர். 2001இல் அமெரிக்க நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தார். அரசு ஒரு செயலைச் செய்யலாமா, கூடாதா என்று எழுத்தில் கருத்துச் சொல்வதே அந்த அலுவலகத்தின் வேலை. நம் மொழியில் சொன்னால், அரசுக்கு ஃபத்வா எழுதும் இடம் அது.

2002 ஆகஸ்ட் 1ஆம் தேதியிட்ட ஃபத்வா ஒன்று அங்கிருந்து போனது. கையெழுத்திட்டவர் அலுவலகத் தலைவர் ஜே பைபி. வரைவில் பெரும்பங்கு யூவினுடையது. உறுப்பு செயலிழப்பது, உயிர் போவது போன்ற அளவுக்கு வலி இருந்தால்தான் அது சித்திரவதை ஆகும் என்று அதில் எழுதப்பட்டது. அதற்குக் கீழ்ப்பட்ட கொடுமைகளுக்கெல்லாம் அது வாசல் திறந்தது. அந்த மாதத்திலேயே அபூ சுபைதா என்ற கைதியின் முகத்தில் நீரூற்றி மூச்சுத் திணற வைக்கும் கொடுமை 83 முறை நிகழ்த்தப்பட்டதாக அமெரிக்க அரசின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அவர் குற்றவாளியா, இல்லையா என்பதை நாம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது நீதிமன்றம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்மீது குற்றச்சாட்டுப் பதியப்படவே இல்லை.

எழுதியவருக்கு என்ன ஆயிற்று? பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார். நீதித்துறையின் ஒழுங்குப் பிரிவு அவர் தொழில் நெறி தவறினார் என்று முடிவு செய்தது; 2010இல் உயர் அதிகாரி ஒருவர் அந்த முடிவை மாற்றி, மோசமான முடிவெடுத்தார் என்ற அளவில் நிறுத்திவிட்டார். தண்டனை ஏதுமில்லை. கையெழுத்திட்ட பைபி கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, அவர்கள் அப்படித்தான்' என்று முடித்துவிட்டால் நாமும் நீதி தவறியவர்களாவோம். அதே அலுவலகத்துக்கு 2003இல் தலைவராக வந்த ஜாக் கோல்ட்ஸ்மித் என்பவரும் சட்டப் பேராசிரியரே. அதே அதிபரால் நியமிக்கப்பட்டவரே. அந்த ஃபத்வாவை அவர் வாசித்தார். சட்டத்தில் அதற்கு அடித்தளமில்லை என்று கண்டார். 2004இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டுத் தாமும் பதவி விலகினார். ஒரே படிப்பு, ஒரே அலுவலகம். ஒருவர் ஆட்சியாளர் கேட்டதை எழுதிக் கொடுத்தார். மற்றொருவர் அதை மறுத்துவிட்டு வெளியேறினார்.

நம் இமாம்கள் காட்டிய அளவுகோல்

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூர் அளித்த காஜி பதவியை மறுத்ததையும், அதற்காகச் சிறைப்பட்டதையும் நாம் மத்ரஸாவில் கண்ணீரோடு சொல்லிக் கொடுக்கிறோம். அரசின் பணி கூடாது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். அந்த இமாமின் தலைமாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜி பதவியை ஏற்றார்கள். ஆசிரியரின் மறுப்பையும் மாணவரின் ஏற்பையும் நம் ஹனஃபி மத்ஹபு ஒருசேரப் போற்றுகிறது. ஏன்?

கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அபூ யூசுஃப் (ரஹ்) எழுதிய கிதாபுல் கராஜ் என்ற நூலைப் பார்த்தால் விடை கிடைக்கும். கேட்கப்பட்டது வரிவசூல் பற்றிய ஆலோசனை. அவர்களோ அதோடு நிற்கவில்லை. வரி கட்டாதவரை அடிக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது என்றார்கள். அடித்துப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றார்கள். கைதிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்கும் நிலையை ஒழித்து, அவர்களுக்கு உணவும் உடையும் பைத்துல்மாலிலிருந்து தர வேண்டும் என்றார்கள். உலகின் மிகப் பெரும் பேரரசரிடம், அவருடைய சம்பளத்தில் இருந்துகொண்டே, சிறையில் கிடப்பவனின் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர் பதவியை மறுத்துக் காத்ததையே மாணவர் பதவியை ஏற்றுக் காத்தார்.

இதுதான் அளவுகோல். அபூ யூசுஃப் (ரஹ்) கைதியைப் பற்றி எழுதினார்கள். சென்னைச் சிறையைப் பற்றி இஸ்மாயீல் எழுதினார். யூவும் கைதியைப் பற்றியே எழுதினார். மூவரும் சட்டம் கற்றவர்கள். மூவரும் அரசின் ஊதியம் பெற்றவர்கள். மறுமையில் எவருடைய ஏடு வலக்கரத்தில் தரப்படும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் நம் பிள்ளை எவரைப் போல் எழுத வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

பொறியியலுக்கும் வளைகுடாப் பயணத்துக்கும் கடன் வாங்கத் தயங்காத நாம், சட்டப் படிப்பு என்றால் மட்டும் ஹலால் ஹராம் பார்க்கிறோம். பிறகு நம் பையன் ஒருவன் கைதானால், இரவோடு இரவாக வக்கீல் தேடி அலைகிறோம். கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசமைப்பின் 22ஆவது பிரிவு தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தச் சட்டம் படித்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டாமா? ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ சட்டம் படிக்க வைக்கப் பொறுப்பேற்கலாம். இதை ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதா, பொது நிதியிலிருந்தா என்பதை அவரவர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். கொடுப்பதா வேண்டாமா என்று இனிக் கேட்க வேண்டாம்.

மத்ரஸாக்களில் நாமும் மாற வேண்டும். காஜியின் ஒழுக்கங்கள் பற்றிய பாடத்தை ஃபிக்ஹு நூலில் ஓதிக் கடந்துவிடாமல், இன்றைய நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரின் கடமை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம்மவர் ஒருவர் பதவி பெற்றால் சால்வை போர்த்துங்கள், தடையில்லை. போர்த்தும் கையாலேயே ஒரு கேள்வியையும் நீட்டுங்கள்: நீங்கள் வாதாடிய வழக்கில் சிறையில் இருப்பவரின் பக்கத்து உண்மையை நீதிமன்றத்தில் வைத்தீர்களா?

அந்தத் தந்தையிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவன் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனா ஆகிட்டா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏற்க முடியாது என்றே சொன்னோம். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க முடியாது என்பது நம் நம்பிக்கை. ஆனால் அவன் படிக்கும் ஐந்தாண்டும், விடுமுறை நாள்தோறும் நம்மிடம் வந்து காஜியின் ஒழுக்கங்களை ஓத வேண்டும் என்ற நிபந்தனையோடு, சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டோம். விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்திட்டார்.

அநீதியான ஆட்சியாளர் முன் உண்மையைச் சொல்வதைச் சிறந்த ஜிஹாதாக நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். அந்த உண்மையைச் சொல்லும் அறிவையும், சொன்னபின் நாற்காலியை விட்டு எழும் துணிவையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.